தாத்தாவின் ஊரைத் தேடுகிறவருக்கு

கொழும்புக்குப் போன தாத்தாவின் பழைய கடிதத்தில் ‘திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவைகுண்டம் தாலுகா’ மட்டும்தான் தெரிகிறது, ஊர்ப்பெயர் கிழிந்துவிட்டது, சொந்தக்காரர்களை எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், நெல்லை ஆபீசுகளில் அலையாதீர்கள். 1986இல் மாவட்டம் பிரிந்தபோது ஸ்ரீவைகுண்டம் தூத்துக்குடியோடு போய்விட்டது.

என்னைக் கேட்டால், பத்திரத்தைவிட சாஸ்தாதான், அதாவது நம் பக்கம் குலசாமியாகக் கும்பிடுகிற அய்யனார்தான், சீக்கிரம் வழிகாட்டுவார். வீட்டுப் பெரியவர்களிடம் குலசாமி பெயரைக் கேளுங்கள், வெறும் ‘அய்யனார்’ போதாது, கற்குவேல் அய்யனாரா அருஞ்சுனை காத்த அய்யனாரா என்று முழுப்பெயர் வேண்டும். அது கிடைத்துவிட்டால் பங்குனி உத்திரத்தன்று அந்தக் கோயிலில் போய் நில்லுங்கள், சென்னை, பம்பாய் என்று எங்கெங்கோ இருக்கிற பங்காளிகள் எல்லாம் வேன் பிடித்து வந்து பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்குகிற தலைக்கட்டு வரியை எழுதுகிறவரைப் பிடியுங்கள். எங்கள் கோயிலில் அட்டை பிய்ந்த நோட்டு ஒன்றில் என் தாத்தா பெயருக்கு எதிரே ‘வெளியூர்’ என்று போட்டு, வருஷா வருஷம் பாக்கி ஏற்றி வைத்திருந்தார்கள்! கட்டிவிட்டுத்தான் வந்தேன்.

தாத்தாவின் பட்டப்பெயர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், நம் பக்கம் தெருவுக்கு நாலு சுடலைமுத்து. அப்புறம் ஒன்று, போன உடனே பூர்வீக வீடு, நிலம் என்று பேச்செடுக்காதீர்கள், பங்கு கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள்.