புலி புலியாகவே இருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூடித் கெர் எழுதி வரைந்த 'தி டைகர் ஹூ கேம் டு டீ' (தேநீருக்கு வந்த புலி) எங்கள் வீட்டில் இரவுதோறும் வாசிக்கப்படும் புத்தகம். மகளுக்கு நான்கு வயது. ஒரு வரியை விட்டாலும் பிடித்துவிடுவாள். 2019-இல் கெர் மறைந்தபோது வந்த அஞ்சலிக் கட்டுரைகளை அண்மையில் தேடிப் படித்தேன். சிறுவயதில் அவர் நாஜிகளிடமிருந்து தப்பியவர் என்பதே அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் காலி செய்யும் அந்தப் புலி உண்மையில் நாஜிகளின் ரகசியப் போலீஸ்தான் என்றொரு கருத்தும் கண்ணில் பட்டது. அதன்பிறகு வாசிக்கும்போது குரல் தடுமாறுகிறது. இத்தனை நாளும் கதையைப் புரிந்துகொள்ளாமலேயே வாசித்துவந்தேனா?

ர.

அன்புள்ள ர.,

இல்லை. உங்கள் மகள் புரிந்துகொண்டதுதான் கதை. புலி வந்தது, இருந்ததையெல்லாம் தின்றது, குழாய்த் தண்ணீரைக்கூட மிச்சம் வைக்காமல் குடித்தது, போய்விட்டது.

நீங்கள் படித்த கருத்தைச் சொன்னவர் மைக்கேல் ரோசன். அவரும் குழந்தைகளுக்கு எழுதுபவர். சிறுவயதின் அச்சம் கெர் அறியாமலேயே கதைக்குள் வந்திருக்கலாம் என்பது அவரது ஊகம். கெரோ, கேட்டவர்களிடமெல்லாம் அது வெறும் புலிதான் என்றே சொல்லிவந்தார். நான் கெர் பக்கம். எழுதியவரே சொல்லிவிட்டார் என்பதற்காக அல்ல. படங்களைப் பாருங்கள். கதையின் சிறுமி சோஃபி அந்தப் புலியை ஆசையாகக் கட்டிக்கொள்கிறாள். அது போனபின் தாயும் மகளும் கடையில் புலிக்கென்றே பெரிய டின் உணவு வாங்கி வைக்கிறார்கள், மறுபடி வந்தால் கொடுக்கலாமே என்று. வீட்டைச் சூறையாடியவனுக்கு யார் இப்படிச் சாப்பாடு எடுத்துவைப்பார்கள்?

கதை பிறந்ததும் அச்சத்திலிருந்து அல்ல. கணவர் வேலையாக வெளியே போய்விட, சிறு மகளும் கெரும் மட்டும் வீட்டில் இருந்த சலிப்பான நாட்கள் அவை. யாராவது வந்தால் நன்றாக இருக்குமே என்ற ஏக்கம். இருவரும் அடிக்கடி விலங்குக்காட்சிசாலைக்குப் போய்வந்ததால், வந்தது புலியாயிற்று. மகள் கேட்கக் கேட்கத் திரும்பத் திரும்பச் சொன்ன கதை பல ஆண்டுகள் கழித்து, 1968-இல்தான் புத்தகமானது. அதில் ஒரு சொல்கூட அதிகமில்லாததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். சலிப்பூட்டும் வரிகளை அந்தச் சின்னப் பெண் முன்பே களைந்திருப்பாள்.

ஹிட்லரைப் பற்றி எழுத வேண்டும் என்று கெருக்குத் தோன்றியபோது அவர் புலியைத் துணைக்கு அழைக்கவில்லை. 1971-இல் வந்த நாவலுக்கு 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்' என்று பெயரிலேயே ஹிட்லரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய தந்தை ஆல்ஃப்ரெட் கெர் பெர்லினின் புகழ்பெற்ற நாடக விமர்சகர், யூதர், நாஜிகளை வெளிப்படையாக எதிர்த்தவர். 1933 மார்ச் தேர்தலுக்குச் சற்று முன்பு குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறியது. அப்போது ஜூடித்துக்கு ஒன்பது வயது. சுவிட்சர்லாந்து, பாரிஸ், பிறகு லண்டன். அவர்கள் வெளியேறிய சில வாரங்களில் தந்தையின் நூல்கள் ஜெர்மனியில் எரிக்கப்பட்டன. இத்தனையையும் நாவலில் அன்னா என்ற சிறுமி ஒரே ஒரு முடிவின் வழியாக எதிர்கொள்கிறாள்: ஒரு பொம்மையைத்தான் எடுத்துப்போகலாம். அவள் புதிய கம்பளி நாயை எடுத்துக்கொண்டு, பழைய இளஞ்சிவப்பு முயலை விட்டுவிடுகிறாள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதானே கிளம்பினார்கள்! அகதி வாழ்வைப் பற்றி நான் படித்த பெரிய நாவல்களில்கூட அந்த முயல் அளவுக்கு என்னை வதைத்த பொருள் இல்லை.

2013-இல் வந்த தன் வாழ்க்கையும் ஓவியங்களும் அடங்கிய நூலை, தனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் கிடைக்காத 15 லட்சம் யூதக் குழந்தைகளுக்கும் அவர்கள் வரைந்திருக்கக்கூடிய படங்களுக்கும் காணிக்கையாக்கினார். இப்படி நேராகச் சொல்லத் தெரிந்தவர் ஏன் ஒரு தேநீர் மேசையில் ஒளித்துவைத்துச் சொல்ல வேண்டும்?

அஞ்சலிகளில் எனக்கு வருத்தம் தந்தது இதுதான். குழந்தைகளுக்கு எழுதியவர் இறந்ததும் பெரியவர்கள் வந்து அந்தப் புத்தகங்களுக்குக் கனம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள், அவை முன்பு கனமில்லாமல் இருந்ததுபோல. படம் காட்டுவதை எழுத்தில் திரும்பச் சொல்லக் கூடாது என்பதில் கெர் பிடிவாதமாக இருந்தார். வாசிக்கத் தொடங்கும் குழந்தை எழுத்துக்கூட்டி அடைகிற சொல்லில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்துவந்த இந்தக் கறாரைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்?

மரணத்தையும் அவர் குழந்தைகளிடம் மறைக்கவில்லை. மாக் என்ற மறதிக்காரப் பூனையைப் பற்றி 1970 முதல் எழுதிவந்தவர், 2002-இல் 'குட்பை மாக்' நூலின் தொடக்கத்திலேயே அதை இறக்கவிட்டார். களைத்துப்போன மாக் நிரந்தரமாகத் தூங்க விரும்புகிறது, தூங்கியும் விடுகிறது. அடுத்து என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக அதன் சிறு பகுதி மட்டும் விழித்திருக்கிறது. வீட்டார் அழுகிறார்கள். பிறகு மிரண்டுபோன ஒரு குட்டிப் பூனை வருகிறது. அது அந்த வீட்டில் ஒட்டிக்கொள்ளும்வரை உடனிருந்து உதவிவிட்டே மாக் விடைபெறுகிறது. 2019 மே 22 அன்று, 95 வயதில், கெர் மறைந்த செய்தி வந்ததும் நான் எடுத்துப் படித்தது இந்தப் புத்தகத்தைத்தான்.

இன்றிரவும் வழக்கம்போல வாசியுங்கள். நாஜிகளைப் பற்றி நான்கு வயதுப் பிள்ளைக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மாக் கதைகளை இப்போதே தொடங்கலாம், 'குட்பை மாக்' மட்டும் கடைசியில். முயல் நாவலை அவளுக்கு ஒன்பது வயதாகும்போது கொடுங்கள். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை தனியாகப் படித்துவிடுங்கள், அவள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.