1969 ஷெவர்லே கமாரோ காரின் வெறும் கூடு விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கி மீட்டெடுக்க என்ன விலை கொடுக்கலாம்?

இன்ஜின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, சீட்கூட இல்லை. ஆனால் விற்பவர் "இது ஒரிஜினல் இசட்/28" (கமாரோவிலேயே பந்தயத்துக்கென்று வந்த ரகம்) என்று 24,000 டாலர் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒஹாயோவில் ஒரு பெரியவர் என்னிடம் ஒப்பித்ததும் இதே வசனம்தான், அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்களுக்குச் சொந்தமாக ஒரு கராஜ் இருக்கிறது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, வீட்டில் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்ட காருக்கு எந்தப் பட்டியலிலும் விலை இருக்காது. பழைய கார்களுக்கு அமெரிக்காவில் எல்லோரும் பார்க்கும் ஹாகர்ட்டி விலைப் பட்டியலில் கடைசித் தரமான நான்காம் தரமே, குறைகளோடு ஓடுகிற வண்டிக்குத்தான். அதனால் மேலிருந்து கீழே கணக்குப் போட வேண்டும். வேலை முடிந்த அதே மாடல் ஏலத்தில் உண்மையிலேயே என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை எதற்கும் ஆகாது. அதிலிருந்து டிங்கரிங், பெயின்ட், இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், கண்ணாடி, உள் அலங்காரம் எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் கூட்டின் விலை. பல கார்களுக்கு அது மைனஸில் போகும்.

எல்லோரும் இன்ஜினையே நினைத்துக் கவலைப்படுவார்கள். காசைத் தின்பது சில்லறைச் சாமான்: கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி, பெடல் செட், ஸ்டீயரிங் தண்டு, வைப்பர் இணைப்பு, டேஷ்போர்டைத் தாங்கும் பட்டைகள், வயரிங். கமாரோவுக்கு இதெல்லாம் புதிதாகவே கிடைக்கும், அது ஒரு ஆறுதல். ஆனால் டைனகார்ன் கம்பெனி 1969 கமாரோவின் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது. அப்படியிருக்க, துருப்பிடித்த கூட்டுக்கு நீங்கள் கொடுக்கும் காசு தகரத்துக்கு அல்ல, வின் நம்பருக்கும் (காரின் அடையாள எண்) டைட்டிலுக்கும் (உரிமைப் பத்திரம்). (வின் தகட்டைப் பெயர்த்துப் புது பாடியில் ஒட்டிக்கொள்ளலாமே என்று யோசிக்காதீர்கள். ஃபெடரல் சட்டத்தில் மாட்டுவீர்கள்.)

இனி என் கதை. நான் மிச்சிகனில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட்டில் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுக்கும் ட்ரீம் க்ரூஸைப் பார்த்துப் பார்த்துப் பிடித்த பைத்தியம் இது. முதலில் சொன்ன ஒஹாயோ பெரியவரின் கொட்டகைக்கு மனைவியின் தம்பியையும் கூட்டிப் போயிருந்தேன். கூட்டைப் பார்த்ததுமே அவன், "மாமா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம ஊரு காயலான் கடையில எடைக்குக்கூட எடுக்க மாட்டான்" என்றான்.

நான் வாயைத் திறக்காமல் வேலையைப் பார்த்தேன். துணி சுற்றிய காந்தத்தைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தேன், பொத்தென்று விழுந்தது. உள்ளே அத்தனையும் பட்டி. பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகரத்தில் துரு பிடித்து, டிக்கிக்குள் வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் முன்கண்ணாடிக்கு அடியில் காற்றுப் போகும் சல்லடையில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். அது ஓரமாக வடிந்து வெளியே போயிருக்க வேண்டும். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்த இடத்தைச் சரிசெய்ய ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரிக்க வேண்டும். பெரியவர் முகம் அப்போதே மாறிவிட்டது.

அடுத்து இசட்/28 கதை. 1969 கமாரோவின் வின் நம்பர் 12437 என்று ஆரம்பித்தால் வி8 கூப்பே என்பது மட்டும்தான் தெரியும். இசட்/28 என்றோ எஸ்எஸ் என்ற இன்னொரு வேக ரகம் என்றோ அது சொல்லாது. ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான பான்டியாக் என்றால் கம்பெனிப் பதிவேட்டிலிருந்து நகல் வாங்கலாம். அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேவுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் கமாரோ செய்த நார்வுட் ஆலையில் 1968 டிசம்பரில் தொடங்கி, ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) பொருத்திய சிறு தகட்டில் ஒரு எக்ஸ் குறியீடு குத்தினார்கள். இசட்/28 என்றால் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77. நான் பார்த்த தகட்டில் 03சி, அதாவது மார்ச் மூன்றாம் வாரம், பக்கத்தில் எக்ஸ்11. சுட்டிக் காட்டினேன். "ஓ, அந்தத் தகட்டை யாரோ மாற்றியிருப்பார்கள்" என்றார்! விற்கிறவரே சொல்லக் கூடாத வாக்கியம் அது. போதாக்குறைக்கு, ஃபயர்வாலில் கிளட்ச் கம்பி போகும் ஓட்டையே இல்லை. இசட்/28 எல்லாமே நாலு கியர் மேனுவல்தான்.

காரை உரித்து வைத்திருந்ததில் ஒரு நன்மையும் உண்டு. ஹீட்டர் பெட்டி கழன்று கிடந்ததால், அதன் பின்னால் குத்தியிருந்த மறைவு எண்ணைப் பார்க்க முடிந்தது. டேஷ் மேல் இருந்த வின் நம்பரோடும் டைட்டிலோடும் பொருந்தியது. இதற்குத்தான் நான் காசு கொடுத்தேன். சாதாரண வி8 கமாரோ என்ற கணக்கில் 11,500 டாலர் சொன்னேன். திட்டினார், உள்ளே போனார், திரும்பி வந்தார், கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் அந்த பேரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"முடித்த காரையே வாங்கிவிடலாமே, போட்ட காசு திரும்பாதே" என்று சிலர் பின்னூட்டத்தில் வருவீர்கள். தெரியும் சார். லாபத்துக்கு வழி கேட்டால் நான் இந்தப் பதிலையே எழுதியிருக்க மாட்டேன். இன்ஜின் எண் வின் நம்பரோடு பொருந்தாத காரைத் தொடவே மாட்டேன் என்பவர்களுக்கும் ஒரு வணக்கம். என் கார் ஓட்டுவதற்கு, கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு அல்ல.

எனக்கு உண்மையான தலைவலி காரால் வரவில்லை, எங்கள் குடியிருப்புச் சங்கத்தால் வந்தது. டிரைவ்வேயில் ஓடாத வண்டி நிற்கிறது என்று கடிதம். உள்ளே தள்ளினேன். கராஜ் கதவு நெடுநேரம் திறந்திருக்கிறது என்று அடுத்த கடிதம். அதே தெருவில் ஒரு வீட்டில் ஹாலோவீன் எலும்புக்கூடு கிறிஸ்துமஸ் வரை நிற்கும், அதற்கு ஒரு கடிதமும் போகாது. மாதாமாதம் சந்தா கட்டுவது இதற்குத்தானா? சரி, விடுங்கள்.

உங்கள் காருக்கு வருவோம். புது பிரைமர் அடித்திருந்தால் இன்னும் கீழே கேளுங்கள், அடியில் என்ன இருக்கிறது என்று காட்டாமல் விற்கிறார் என்று அர்த்தம். ஃபயர்வால் தகடு, மறைவு எண், டிக்கித் தளம் மூன்றுக்கும் தெளிவான போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். டைட்டில் அவர் பேரிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். "தாத்தா கார், டைட்டில் பிறகு வரும்" என்றால் கிளம்பிவிடுங்கள். போட்டோ வந்ததும் வின் நம்பரின் கடைசி எண்களை மறைத்துவிட்டுப் பின்னூட்டத்தில் போடுங்கள், எக்ஸ் குறியீட்டைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதீர்கள்.