ஜின்னா, நின்னா, ஹித்தொவா?

ஜப்பானிய மொழியில் 'மனிதன்' என்ற கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) 人, நிஹோன்ஜின்னில் (ஜப்பானியர்) ஜின், சன்னின்னில் (மூன்று பேர்) நின், தனியே வந்தால் ஹித்தொ என்று ஓசை மாறுவது ஏன் எனக் கேட்டிருந்தீர்கள். குழப்பம் நியாயமானதுதான். ஹித்தொ ஜப்பானியரின் சொந்தச் சொல். மற்ற இரண்டும் சீனத்திலிருந்து வெவ்வேறு காலத்தில் வந்தவை: நின் முந்தியது, ஜின் தாங் அரசு காலத்தில் வந்தது.

ஒருவரின் நாடு, இயல்பு, நிலையைச் சொன்னால் பெரும்பாலும் ஜின்: இந்தொஜின் (இந்தியர்), பிஜின் (அழகி), ரோஜின் (முதியவர்). செய்யும் வேலையைச் சொன்னால் பெரும்பாலும் நின்: ர்யோரினின் (சமையற்காரர்), கன்ரினின் (கட்டடப் பராமரிப்பாளர்). இது சொல்லின் கடைசியில் வரும்போது உதவும் வழிகாட்டி மட்டுமே. முதலில் வந்தால் உதவாது. நின்கென் (மனிதர்), ஜின்கோ (மக்கள்தொகை) இரண்டையும் சொல்லாகவே மனப்பாடம் செய்யுங்கள்.

எண்ணும்போதுதான் பலர் வழுக்குவார்கள். ஹித்தொரி (ஒருவர்), ஃபுத்தரி (இருவர்), பிறகு சன்னின். நாம் ஒருவர், இருவர் என்று சொல்லிவிட்டு மூன்று பேர் என்று மாறுவதைப் போலத்தான். நான்கு பேருக்கு யொனின். நான்கை 'ஷி' என்றும் சொல்வதால் 'ஷினின்' என்று சொல்லிவிடாதீர்கள்; அதற்குப் பிணம் என்று பொருள், கவனம்!

எழுதும்போது இடக்கோடு முதலில், உச்சியிலிருந்து. வலக்கோடு அதன் நடுப்பகுதியில் தொடங்கும். வலக்கோடு உச்சியில் மேலேறி நின்றால் அது 'நுழை' என்ற வேறு கான்ஜி ஆகிவிடும்.

தனி எழுத்துக்கு ஓசைப் பட்டியல் போட்டுப் படிக்காதீர்கள். அட்டையில் முழுச்சொல்லை எழுதிப் பழகுங்கள்.