பிரெஞ்சில் இருக்கும் லேபிள் அச்சு, காகிதத் தொழில் சொற்களைத் தமிழாக்க நல்ல அகராதி எது?

அகராதியா? அதை நம்பித்தான் நான் மானம் கெட்டேன்.

ஏதோ ஒரு கையேட்டை உங்கள் தலையில் கட்டி, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. புதுச்சேரியில் சேதராப்பட்டுப் பக்கம் ஓர் அச்சகத்தில், பிரான்சிலிருந்து பழைய லேபிள் மெஷின் ஒன்றை இறக்கியிருந்தார்கள். கூட வந்த 60 பக்கமும் பிரெஞ்சு. தாத்தா சொல்தா (பிரெஞ்சுப் படையில் சிப்பாய்), நான் படித்ததும் பிரெஞ்சு, லேபிளில் என்ன பெரிய விஷயம் என்று வாங்கிக்கொண்டேன்.

அதில் 'தேகூப் அ மி-ஷேர்' என்று ஒன்று. தேகூப் வெட்டு, மி பாதி, ஷேர் சதை. 'பாதிச் சதை வெட்டு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாளே போர்மேன் போன் செய்தார். "ஏம்மா, நாங்க வாங்கினது லேபிள் மெஷினா, கறிக்கடை மெஷினா?"

நேரில் போனேன். அந்த அண்ணன் ஒரு ரோலின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக் காட்டினார். மேல் காகிதமும் பசையும் மட்டும்தான் வெட்டுப்பட வேண்டும். அடியில் இருக்கும் சிலிக்கோன் பூசிய தாளில் டை (வெட்டும் அச்சு) இறங்கிவிட்டால், பாட்டிலில் லேபிள் ஒட்டும்போது ரோல் பாதியில் அறுந்துவிடும். அங்கே எல்லோரும் சொல்வது 'ஹாஃப் கட்'.

அடுத்தது 'எஷெனியாஜ்'. அகராதிப்படி மரத்திலிருந்து கம்பளிப்பூச்சி எடுப்பது (1796இல் பிரான்சில் இதற்குச் சட்டமே போட்டார்கள்). நல்லவேளை, அதை நான் எழுதவில்லை. மெஷின் ஓடும்போது பார்த்தேன். லேபிள்கள் அடித்தாளிலேயே நிற்க, சுற்றியிருக்கும் மிச்சக் காகிதம் ஜன்னல் கம்பி மாதிரி ஓட்டை ஓட்டையாக, அறுபடாமல் உரிந்து மேலே போய்ச் சுற்றிக்கொள்கிறது. "வேஸ்ட் உரிக்கிறது" என்றார் அண்ணன். அப்படியே எழுதினேன். ரோல் சுற்றும் 76 மி.மீ. குழாயான 'மாந்த்ரேன் 76'ஐ 'உருளைத்தண்டு' என்று போட்டிருந்தேன். "மூணு இன்ச் கோர்னு போடும்மா, பசங்களுக்குப் புரியும்."

தனித்தமிழ் அன்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எனக்கும் தமிழ்ப் பற்று உண்டு. 'மேன்' என்றால் கை. காகிதத்தில் அது வேறு: மைக்ரானில் தடிமனை ஜி.எஸ்.எம்.மால் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வகுத்தால் வரும் எண். 80 ஜி.எஸ்.எம். தாள் 120 மைக்ரான் இருந்தால் மேன் 1.5. இதற்குப் 'பருமன்' என்று நானே தமிழில்தான் வைத்தேன். ஆனால் ஓடுகிற மெஷினில் கை வைக்கிறவனை நின்று பொருள் தேட வைக்க முடியாது.

திருத்தியதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை, தப்பு என்னுடையது. ஆனால் தெருக்காரர்களை என்ன செய்வது? புதுச்சேரிக்காரி, பிரெஞ்சு தெரியும் என்றால் போதும். 'நாசியோனாலித்தே'க்கு (பிரெஞ்சுக் குடியுரிமை) எழுதிப் போட வேண்டும் என்று பாட்டனின் பிறப்புச் சான்றோடு வந்துவிடுகிறார்கள். "நாலு வரிதானே." காபியும் நான்தான் போட வேண்டும்.