கேள்வி – பதில்: குடை ராட்டினமும் மூன்று தட்டும்

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ஒரு திருவிழாக் காட்சி. மேடையில் குடை ராட்டினம் வைக்க வழியில்லை. கீபோர்டும் தபேலாவும் மட்டும் உண்டு. இசையிலேயே ராட்டினத்தைச் சுற்ற வைக்க முடியுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

முடியும். மூன்று தட்டுக் கணக்குதான், கீபோர்டில் ‘வால்ட்ஸ்’ என்று இருக்கும். கீபோர்டு தானே தாளம் போடும் ஆட்டோ ரிதத்தை விட்டுவிட்டுக் கையாலேயே வாசியுங்கள். இடக்கையில் முதல் தட்டுக்குக் கீழ் ‘சி’, அடுத்த இரண்டுக்கும் ‘இ’, ‘ஜி’ சேர்த்து. மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு ஆவர்த்தம். இரண்டு ஆவர்த்தம் சி மேஜர் கார்டு, நாலு ஆவர்த்தம் ஜி செவன்த் கார்டு, மறுபடி இரண்டு சி மேஜர். ஆக எட்டு. வலக்கை மெட்டு எளிதாகவே இருக்கட்டும். ஆனால் ‘ப ம2 ப’ என்று அரை ஸ்வரம் இறங்கி ஏறும் பிடி அங்கங்கே வேண்டும். லேசாகத் தலை சுற்றுகிற உணர்வு அந்த வழுக்கலில்தான் இருக்கிறது.

வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு. ஒரு ஆவர்த்தம் 1.5 நொடி என்றால் எட்டு ஆவர்த்தம் 12 நொடி. நிமிடத்துக்கு 5 முறை சுற்றும் ராட்டினம் ஒரு சுற்று முடிக்க ஆவதும் அதே 12 நொடிதான். மெட்டு தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது குதிரையும் திரும்பிவிடும். 70-ல் தொடங்கி எட்டு ஆவர்த்தத்துக்குள் 120-க்கு ஏற வேண்டும். நிறுத்தும்போது அப்படியே இறங்க வேண்டும். ஆட்டோ ரிதத்தில் வேகம் விட்டுவிட்டுத் தாவும், ராட்டினம் இழுத்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி வராது.

கெடுவது பெரும்பாலும் தபேலாவில். மூன்று என்றதும் கை தானாக தாதரா என்ற இந்துஸ்தானித் தாளத்துக்குப் போகும். ‘தா தி நா, தா து நா’ விழுந்தால் திருவிழா கஜல் கச்சேரி ஆகிவிடும். கர்நாடக இசையின் ரூபக தாளமும் சரிப்படாது. எண்ணிக்கை மூன்றுதான், ஆனால் ஒவ்வொரு தட்டுக்குள்ளும் நாலு பிரிவு இருப்பதால் நடை கம்பீரமாகிவிடும். ‘தகிட தகிட’ என்று திஸ்ரத்தில், அதாவது மும்மூன்றாக வைத்து, ‘த’வுக்கு மட்டும் இடப்பக்கம் ஒரு ‘கும்’. மற்ற இரண்டும் வலப்பக்க விளிம்பில் மெல்ல.

‘சர்ச் ஆர்கன்’ டோனைத் தொட வேண்டாம். நம் மாவட்டத்தில் பூசை தொடங்கிவிட்டது என்று பாதிக் கூட்டம் எழுந்து நின்றுவிடும்! அக்கார்டியனோ புல்லாங்குழலோ போதும். அழுத்தி வாசித்தால் சத்தம் கூட்டும் ‘டச் ரெஸ்பான்ஸ்’ அணைந்திருக்க வேண்டும். மேல்நாட்டு ராட்டினங்களில் பாடியது, துருத்திக் காற்றில் ஓடும் தானியங்கி ஆர்கன். துளையிட்ட அட்டை மடிப்புகள் உள்ளே நகர, அந்தத் துளைகளே ஸ்வரத்தைத் திறக்கும். விரல் இல்லாததால் அழுத்தி வாசிப்பது, மெல்ல வாசிப்பது என்பதே கிடையாது. முதல் தட்டுக்கு அழுத்தம் கொடுக்கக் கூடவே ஒரு டிரம் கட்டியிருப்பார்கள். அந்த ஒரே மட்டமான சத்தம்தான் உங்களுக்கு வேண்டியது.

இன்னொன்று. நம் ஊர்க் கோயில் கொடைகளிலும் தேவாலயத் திருவிழாக்களிலும் ராட்டினத்தடியில் ஆர்கன் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டுதான். வெறும் வால்ட்ஸ் கேட்டால் பார்வையாளர் வெளிநாட்டுப் படத்தை நினைப்பார்கள். அதனால் முதலில் ஜெனரேட்டர் உறுமலோடு ஒரு பாட்டை விடுங்கள். 12 நொடிக்கு ஒருமுறை சத்தம் கூடிக் குறையட்டும். காது ஸ்பீக்கரைக் கடந்து போகிறது என்று மனம் தானே புரிந்துகொள்ளும். பிறகு வால்ட்ஸுக்கு மாறலாம்.

ஆங்கிலப் படங்களில் ராட்டினம் வந்தால் ஒன்று காதல், இல்லாவிட்டால் ஆபத்து. ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

இரண்டுக்கும் வேர் ஒன்றே: ஓடிக்கொண்டே இருக்கும், எங்கும் போய்ச் சேராது. ஏறியவர் நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. ஹிட்ச்காக்கின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்’ (1951) உச்சக்காட்சியில் ராட்டினத்தை இயக்குபவர் குண்டடி பட்டு விழ, அது கட்டுமீறிச் சுற்றும். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்பதால்தான் அங்கே அவ்வளவு பயம். மரண ராட்டினம் என்று பெயர் வைத்துப் பயமுறுத்தியிருந்தால் பாதி கூட எடுபட்டிருக்காது.

காதல் பக்கத்துக்கு ‘கரோசல்’ (1945) இசை நாடகம். பெயருக்குப் பொருளே ராட்டினம்தான். ராட்டினத்துக்கு ஆள் கூவி அழைப்பவன்தான் நாயகன். வழக்கமான முன்னிசைக்குப் பதில் வால்ட்ஸோடு திரை விலகும். பொழுதுபோக்குப் பூங்காக் காட்சி முழுவதும் பேச்சே இல்லாமல் நடக்கும். ஜோனி மிட்செலின் ‘தி சர்க்கிள் கேம்’ பாட்டில் அது காலச் சக்கரம். ஒரு சிறுவன் வளர்ந்து இளைஞனாவதை அதை வைத்தே சொல்லிவிடுகிறார்.

இங்கிலாந்து ராட்டினம் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றுமாமே?
– வாசகர், தக்கலை

ஆம். அங்கே கடிகார முள் சுற்றும் திசை. அமெரிக்காவில் அதற்கு எதிர்த்திசை. குதிரையில் இடப்பக்கமாக ஏறுவது வழக்கம். இங்கிலாந்து ராட்டினத்தில் அந்தப் பக்கம் வெளியே பார்த்திருக்கும். அமெரிக்காவில் வலக்கை வெளிப்பக்கம் வரும். ஓடும்போதே கைநீட்டிப் பித்தளை வளையம் பிடுங்கும் விளையாட்டுக்கு அது வசதி. குதிரைக்கு எந்தப் பக்கம் சித்திர வேலை அதிகம் என்று பாருங்கள், சுற்றும் திசை தெரிந்துவிடும்.

குதிரை எப்படி மேலும் கீழும் போகிறது? நாலு வயதுப் பிள்ளையை எந்த வரிசையில் ஏற்றலாம்?
– வாசகி, குளச்சல்

பழைய அமைப்பில் குதிரை மேலிருந்து தொங்குகிறது. கூரைக்கடியில், நடுவிலிருந்து விளிம்புவரை வளைந்த இரும்புத் தண்டு ஓடும். அதன் உள்முனையில் உள்ள பற்சக்கரம், நடுவே அசையாமல் நிற்கும் பெரிய பல்வளையத்தில் உருள்வதால் தண்டும் சுழலும். அந்த வளைவில் மாட்டிய கம்பி குதிரையைத் தூக்கி இறக்கும். பக்கத்துக் குதிரைக்கு வளைவு வேறு கோணத்தில் இருப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பாது.

வரிசை விஷயம் கணக்குதான். நிமிடத்துக்கு 5 சுற்று என்றால், நடுவிலிருந்து 7 மீட்டர் தள்ளி இருக்கும் வெளிக்குதிரை மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 4 மீட்டரில் உள்ள உள்குதிரை ஏழரைதான். வெளித்தள்ளலும் உள்ளே குறைவு. உள்வரிசையில், எழும்பாத குதிரையாகப் பார்த்து ஏற்றி, நீங்கள் வெளிப்பக்கம் நின்று பிடித்துக்கொள்ளுங்கள்.