மச்சான் தந்த கார்டு ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறது? பிசி வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. பிராசசர் ஒரு காலத்தது, கிராபிக்ஸ் கார்டு வேறொரு காலத்தது, இரண்டையும் ஒரே கேபினட்டுக்குள் போட்டுவிட்டு கேம் ஏன் இழுக்கிறது என்று கேட்கிறீர்கள். பணம் போன பிறகு வருத்தப்படுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே மனசு கேட்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: துபாயில் இருக்கும் மச்சான் லீவுக்கு வந்தபோது ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு வாங்கி வந்து தந்தார். என்னிடம் இருப்பது ஐ5-3470 பிராசசர், ஒரே ஸ்டிக்கில் 8 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். வேலரண்ட் ஆடும்போது சும்மா நடந்தால் நன்றாக இருக்கிறது, நாலைந்து பேர் ஒரே இடத்தில் மோதினால் எஃப்பிஎஸ் (ஒரு செகண்டில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) 50, 60-க்கு விழுந்து இழுக்கிறது. கார்டு பழுது என்று இங்கே ஒருவர் சொல்கிறார். திருப்பிக் கொடுத்துவிடலாமா? (கீழக்கரை வாசகர்)

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறி கார்டு பழுதுக்கானது இல்லை, அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். உங்கள் கார்டு வேலை இல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கடற்கரையில் நண்டு வலை கழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார், இன்னொருவர் எடை போட்டு ஐஸ் வைத்துப் பெட்டியில் அடுக்குவார். அடுக்குகிறவர் எவ்வளவு சுறுசுறுப்பான ஆளாக இருந்தாலும் கழிக்கிறவர் கையிலிருந்து நண்டு வந்தால்தான் அவருக்கு வேலை. கழிக்கிறவர் பிராசசர், அடுக்குகிறவர் கிராபிக்ஸ் கார்டு. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு யார்மேல் பட்டது, எந்தச் சத்தம் எந்தப் பக்கம் கேட்க வேண்டும், திரையில் எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டு பிராசசர் அனுப்புகிற உத்தரவை வைத்துத்தான் கார்டு படத்தை வரைகிறது. 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட். உங்கள் மானிட்டருக்கு 144 வேண்டும், அதாவது 7 மில்லி செகண்டுக்கும் குறைவு. 2012-இல் வந்த, நாலு கோர் (கணக்குப் போடும் பகுதி) நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) மட்டுமே உள்ள பிராசசரால் ஆள் இல்லாத இடத்தில் அதைச் சமாளிக்க முடியும், சண்டை மூண்டு கணக்கு கூடினால் முடியாது. 4060 வந்தது 2023-இல். நடுவில் 11 வருஷம் இருக்கிறது.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். கேமின் கிராபிக்ஸ் செட்டிங் எல்லாவற்றையும் லோவில் வைத்து ஒரு ஆட்டம், அப்புறம் எல்லாவற்றையும் ஹையில் வைத்து ஒரு ஆட்டம். இரண்டிலும் எஃப்பிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தால் பிராசசர்தான் இழுக்கிறது. ஹையில் வைத்ததும் சடாரென்று பாதியானால் கார்டு திணறுகிறது என்று அர்த்தம். இன்னொரு வழி, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு திரை ஓரத்தில் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பார்ப்பது. எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு எதுவும் வைக்காமல் ஆடும்போது 95-க்கு மேல் நின்றால் கார்டு முழு மூச்சாக உழைக்கிறது, 40, 50-இல் கிடந்தால் காத்திருக்கிறது. இதில் ஒரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள்: டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 60 சதவீதம்தானே காட்டுகிறது, இன்னும் 40 மிச்சம் இருக்கிறதே என்பார்கள். உங்கள் பிராசசரில் ஒரு கோர் முழுக்க நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 25 சதவீதமாகத்தான் தெரியும். கேமின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களில்தான் விழுகிறது, அவை முட்டிவிட்டால் மற்றவை சும்மா இருந்தும் பயனில்லை. கோர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 4060 கார்டு மதர்போர்டோடு பேசுவதற்கு, தரவு போய்வரும் 16 பாதை இருக்கும் இடத்தில் 8 பாதைதான் பயன்படுத்துகிறது. பிசிஐஇ 4.0 (கார்டும் போர்டும் பேசும் இணைப்பின் தலைமுறை) உள்ள புதிய போர்டில் அதுவே தாராளம். உங்கள் காலத்து போர்டு 3.0 ஆக இருந்தால் வேகம் பாதி, 2.0 ஆக இருந்தால் கால்வாசி. முக்கியக் காரணம் இது இல்லை, ஆனால் 8 ஜிபி கார்டு மெமரி நிரம்பும் கேம்களில் இதுவும் சேர்ந்து இழுக்கும்.

சரி, என்ன செய்யலாம். முதல் வேலை, இப்போது இருப்பது போலவே இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் செகண்ட்ஸில் வாங்கிப் போடுங்கள். ரேம் இரண்டு சேனலில் ஓடினால் பிராசசருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், திடீர் இழுப்பு கொஞ்சம் குறையும். கேமில் எஃப்பிஎஸ்ஸை 60 அல்லது 75-இல் கட்டி வையுங்கள், 110-க்கு ஏறி 50-க்கு விழுவதைவிட நிலையான 60 கண்ணுக்கும் கைக்கும் எவ்வளவோ மேல். கதை கேம்கள் ஆடுவீர்கள் என்றால் ரெசல்யூஷன், டெக்ஸ்சர் இரண்டையும் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள், அந்தச் சுமை கார்டின் மேல்தான் விழும். கூட்டம், தூரப் பார்வை, நிழல் இந்த மூன்றையும் இறக்கி வையுங்கள், அவை பிராசசரையும் சேர்த்துப் படுத்தும்.

நிரந்தரத் தீர்வு என்றால் போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான். அதே சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) ஐ7 வாங்கிப் போடச் சொல்வார்கள், அதில் பணத்தை முடக்காதீர்கள். ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், இரண்டுமே 2022-இல் வந்தவை, 6 கோர் 12 த்ரெட், உங்கள் கார்டுக்குப் பொருத்தமான ஜோடி. கடைக்காரர் 5600-க்குப் பதில் 5500 தந்தால் யோசியுங்கள். எண்ணில் கொஞ்சம்தான் வித்தியாசம், ஆனால் அதில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி, பிசிஐஇயும் 3.0-தான். கேஷ் குறைவு கேமில் நன்றாகவே தெரியும். 5600-ஐ பி550 போர்டில் போட்டால் 4060-க்கு முழு வேகம் கிடைக்கும். ரேம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிக் கிடக்கிறது, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் (பிசிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) பாருங்கள். கார்டு 115 வாட்தான், ஆனால் மொத்த சிஸ்டத்துக்கு 550 வாட் பரிந்துரைக்கிறார்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கார்டை வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அப்புறம் மச்சானிடம் பில்லை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று அந்த பிராண்டிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: "ஐ7 கேமிங் பிசி" என்று சொல்லி வெளியூர்க் கடையில் வாங்கினோம். உள்ளே ஐ7-2600, 16 ஜிபி ரேம், ஜிடி 710 2 ஜிபி கார்டு. ஜிடிஏ 5 கூட நிம்மதியாக ஓடவில்லை. ஐ7 என்றால் பெரிசுதானே? (ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. ஐ7 என்பது குடும்பப் பெயர், வயது அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணில் இருக்கிறது. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-ஆம் வருஷத்துச் சரக்கு. 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் இதே நாலு கோர் எட்டு த்ரெட்தான், ஆனால் அந்த ஐ3 இந்த ஐ7-ஐ எளிதாகத் தாண்டிப் போய்விடும்.

கீழக்கரைக்காரருக்கு நேர் எதிரான சிக்கல் உங்களுடையது. இங்கே பிராசசர் அனுப்புகிறது, கார்டு வாங்கி முடிக்க முடியாமல் தவிக்கிறது. ஜிடி 710 கேமுக்கான கார்டே இல்லை, மானிட்டரில் படம் வருவதற்கான கார்டு. 192 கோர்தான், கார்டுக்கு அது மிகக் குறைவு, 2021-க்குப் பிறகு புதிய கேம்களுக்கான டிரைவரும் அதற்கு வருவதில்லை. 2 ஜிபி என்ற எண்ணைப் பார்த்து வேகம் என்று நினைக்க வைத்துவிட்டார்கள்.

இந்த மெஷினுக்கு ஏற்ற கார்டு ஜிடிஎக்ஸ் 1650. 75 வாட்தான், தனிப் பவர் வயர் கேட்காத மாடல்கள் இருக்கின்றன, 16 பாதையும் பயன்படுத்துவதால் பழைய போர்டிலும் பெரிதாக அடிபடாது. செகண்ட்ஸில் வாங்கினால் அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதுசாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 4 பாதைதான் பயன்படுத்தும், உங்கள் போர்டு பிசிஐஇ 2.0, கார்டின் கழுத்தைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். கார்டு மாறும் வரை ரெசல்யூஷனை 720-க்கு இறக்கி ஆடுங்கள்.

கடைக்காரர் பில்லில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். "கேமிங்" என்று எழுதி விற்று, கேட்டால் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் நிரூபிப்பது கஷ்டம், அதனால்தான் பில் கேட்டு வாங்குங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்.

கேள்வி: இணையத்தில் ஒரு பாட்டில்நெக் (ஒரு பாகம் மற்றதை இழுத்துப் பிடிப்பது) கணக்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், என் ஜோடிக்கு 18 சதவீதம் என்று காட்டுகிறது. மாற்ற வேண்டுமா? (மண்டபம் வாசகர்)

பதில்: வேண்டாம். நீங்கள் என்ன கேம் ஆடுகிறீர்கள், உங்கள் ரேம் ஒரு சேனலா இரண்டா, எத்தனை எஃப்பிஎஸ் வந்தால் உங்களுக்குப் போதும் என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. ஒரே பிசியில் ஒரு கேமில் பிராசசர் முட்டும், இன்னொன்றில் கார்டு முட்டும். மேலே சொன்ன லோ, ஹை சோதனையைச் செய்யுங்கள்.

கேள்வி: ஐ5-12400எஃப், ஆர்டிஎக்ஸ் 3060. முதல் வருஷம் அருமையாக ஓடியது, இப்போது அரை மணி நேரத்துக்கு மேல் ஆடினால் இழுக்கிறது. பிராசசர் போதவில்லை, மாற்று என்கிறார்கள். வீடு கடலை ஒட்டி இருக்கிறது. (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: அருமையான ஜோடி, எதையும் மாற்றாதீர்கள். முதல் நாள் ஓடியது இன்றைக்கு ஓடவில்லை என்றால் பொருத்தத்தில் குறை இல்லை, பெரும்பாலும் சூட்டில்தான் குறை. பிராசசர் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது நல்ல பிராசசரும் பழைய பிராசசர் மாதிரி நடந்துகொள்ளும், கார்டும் காத்திருக்கும், பார்க்கிறவர்கள் பாட்டில்நெக் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

நம் பக்கத்தில் இது சாதாரணம். போன வருஷம் கடலோர வீட்டுப் பிசி ஒன்றைத் திறந்தேன். கேபினட் ஸ்க்ரூ நாலும் துருவேறி ஒன்று தலை மழுங்கியே போயிருந்தது, பிராசசரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் ஆடிக் காற்றில் வந்த மணலும் தூசியும் உப்பு ஈரத்தில் சேர்ந்து அடை மாதிரி ஒட்டியிருந்தன, ரேம் ஸ்லாட் ஓரத்தில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. பிரஷ்ஷால் தட்டி, ஊதி, ரேமின் தங்க விளிம்பை ரப்பரால் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்ததும் 98-இல் நின்ற சூடு 70-க்கு வந்தது, பையன் உடனே உட்கார்ந்து ஆட ஆரம்பித்துவிட்டான். பிராசசர் மாற்றச் சொல்லி அவர்களிடமும் விலை பேசியிருந்தார்கள்.

நீங்களும் முதலில் சுத்தம் செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லது. கேபினட்டைக் கடல் பக்க ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம்.

கேள்வி: விசைப்படகு வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து தொழிலுக்குப் போனதும் மகனுக்குப் படிப்புக்கும் கேமுக்கும் சேர்த்துப் புதுப் பிசி வாங்க வேண்டும். பிராசசருக்குக் கூடப் போடவா, கார்டுக்கா? (தொண்டி வாசகர்)

பதில்: அண்ணே, தடைக்காலம் ஜூன் 14-இல்தான் முடிகிறது, அதற்குள் மகனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த கேம் அதிகம் ஆடுகிறான், மானிட்டர் என்ன? வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் மாதிரி போட்டி கேம் என்றால் பிராசசர் பக்கம் சாயுங்கள், கார்டு நடுத்தரமாக இருந்தாலும் போதும். பெரிய கதை கேம், 1440 ரெசல்யூஷன் மானிட்டர் என்றால் கார்டு பக்கம் சாயுங்கள், ஏனென்றால் 1080-இல் 20.7 லட்சமாக இருக்கும் புள்ளிகள் அங்கே 36.9 லட்சமாகிவிடும், அத்தனையையும் வரைவது கார்டுதான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆறு கோர் புது பிராசசருக்குக் கீழே இறங்காதீர்கள், ரேம் இரண்டு ஸ்டிக்காக 16 ஜிபி இருக்கட்டும்.

போர்டு விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. இன்றைக்கே பெரிய கார்டு வாங்கப் பணம் போதவில்லை என்றால் நல்ல போர்டு, நல்ல பிராசசர், நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கிவிட்டுக் கார்டைச் சின்னதாக வையுங்கள். பிற்பாடு கார்டை மட்டும் கழற்றி மாட்டுவது பத்து நிமிஷ வேலை. போர்டை மாற்றுவது புதுப் பிசி வாங்குவதற்குச் சமம்.

கடைக்கு மகனையும் கூட்டிப் போங்கள். அவன் ஆடும் கேமை அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் பிராசசர், கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ் நாலுக்கும் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.