பேசிப் பழக்கமில்லாத முன்னாள் உதைபந்தாட்ட வீரர்கள் வானொலி நிகழ்ச்சி நடத்த முடியுமா?

கேள்வி: என் மாமா ஒரு காலத்தில் கொழும்பு லீக்கில் உதைபந்தாட்டம் ஆடியவர். அவரையும் அவருடன் ஆடிய நண்பரையும் உள்ளூர்த் தமிழ் வானொலி ஒன்று வாராந்த விளையாட்டு நிகழ்ச்சி நடத்தக் கேட்கிறது. இருவருக்கும் மைக் முன்னால் பேசிப் பழக்கமில்லை. சரிவருமா?

பதில்: சரிவரும். மாமாவைத் தயங்காமல் அனுப்புங்கள். ஆனால் போகும்போது அவரை யாரும் அறிவிப்பாளராக மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் ஒரு தமிழ் வானொலியில் தயாரிப்பாளராக இருந்தபோது இதே மாதிரி ஒரு நிகழ்ச்சியை மூன்று வருடத்துக்கு மேல் செய்தேன். சனிக்கிழமை பின்னேரம், ஒரு மணித்தியாலம். நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கொட்டாஞ்சேனை, பின்வரிசையில் ஆடியவர், எங்களுக்கு அண்ணன். மற்றவர் கொம்பனித்தெரு, கோல் கீப்பர், எல்லோருக்கும் 'நானா', முஸ்லிம் வழக்கில் அண்ணன். இரண்டு பேரும் அறுபதை நெருங்கியவர்கள்.

முதல் இரண்டு வாரமும் பிழையாகப் போனது. பிழை எங்களுடையது. பிரதி எழுதிக் கொடுத்தோம். 'கீப்பர்' என்று சொல்ல வேண்டாம், 'கோல் காப்பாளர்' என்று சொல்லுங்கள் என்றோம். மைதானத்தில் பின்னாலிருந்து மற்றப் பத்துப் பேரையும் கத்தி நடத்திய நானா, தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கியதும் குரல் சுருங்கிப் போனார்.

மூன்றாவது வாரம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு பையன் அழைப்பில் வந்தான். பெனால்டி அடிக்கும்போது எந்தப் பக்கம் பாய்வது என்று கீப்பர் எப்படி முடிவெடுக்கிறார் என்று கேட்டான். நானா தாளை மடித்து வைத்தார். என் இரண்டு பேனாவையும் மேசையில் கோல் கம்பமாக நட்ட மாதிரி வைத்தார், பால் போடாத பிளேன்டீ கப்பைப் பந்தாக வைத்தார். அவருடைய இடது சின்ன விரல் நடுவில் வளைந்திருக்கும். எப்போதோ உடைந்து, சரியாகக் கட்டாமல் விட்ட விரல். அந்த விரலால் கப்பைத் தொட்டபடி சொன்னார்:

"தம்பி, கம்பத்துக்குக் கம்பம் எட்டு கஜம். பந்து நிக்கிறது பன்னிரண்டு கஜத்தில. அவன் அடிச்ச பிறகு யோசிச்சுப் பாய நேரமில்ல. நான் பந்தைப் பார்க்க மாட்டேன். அவன்ட மற்றக் காலைப் பார்ப்பேன், உதைக்காத கால். அந்தக் கால் பெருவிரல் எந்தப் பக்கம் திரும்பி மண்ணில ஊன்றுதோ, கூடுதலா பந்து அந்தப் பக்கம்தான் வரும். அதைக் காட்டாம அடிக்கிற ஆள் லீக்குக்கு ஒன்றிரண்டு பேர்தான்."

அந்த நேரம் விளம்பரம் போயிருக்க வேண்டும். நான் போடவில்லை. இரண்டு நிமிடம் தள்ளித்தான் போட்டேன். அதோடு பிரதி எழுதுவதையும் நிறுத்திவிட்டோம்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஆடியவர்கள் கையால்தான் விளக்குவார்கள். பேனாவும் கப்பும் எனக்குத் தெரியும், வீட்டில் கேட்கிறவருக்குத் தெரியாது. அதனால் நான் குறுக்கே கேட்கப் பழகினேன். "நானா, கப் இப்போ எங்கே இருக்கு?" "அண்ணன், நீங்கள் அவனுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா?" இப்படிச் சின்னக் கேள்வி கேட்க ஒருவர் கூட இருந்தால் போதும், மற்றதெல்லாம் அவர்களுக்குத் தன்னால் வரும். உங்கள் மாமாவின் வானொலி அப்படி ஒரு ஆளை உட்கார வைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள்.

அடுத்தது, எதைப் பற்றிப் பேசுவது. இங்கிலாந்தில் முன்னாள் வீரர்கள் வானொலியில் பேசுவது பெரிய விஷயமில்லை. 1981இல் யூஃபா கிண்ணம் வென்ற இப்ஸ்விச் அணியில் ஆடிய அலன் பிரேசில், முதுகுக் காயத்தால் ஆட்டத்தை விட்டவர், டோக்ஸ்போர்ட் வானொலியில் பல வருடம் காலை நிகழ்ச்சி நடத்தினார். அங்கே கேட்கிறவர்களில் பாதிப் பேர் அந்த மெச்சை ஏற்கெனவே டிவியில் பார்த்திருப்பார்கள், வேண்டியது அபிப்பிராயம்தான். இங்கே கதை வேறு. சிட்டி லீக் மைதானத்தில் புதன்கிழமை பின்னேரம் நடந்த ஆட்டத்தை யார் பார்த்தார்கள்? நேயருக்குக் கண்ணே இவர்கள்தான். அதனால் வாரத்தில் ஒரு மெச்சாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று வைத்தோம். இங்கிலீஷ் பிரீமியர் லீக் பற்றி ஐந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. அதைப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பழைய கதைகளுக்கும் நல்ல வரவேற்பு இருந்தது. சோண்டர்ஸ், ரினோன் என்ற இரண்டு கொழும்புக் கழகங்களும் மோதினால் கொழும்பு எப்படி இரண்டாகப் பிரியும் என்று அண்ணன் சொல்லத் தொடங்கினால் தொலைபேசி ஓயாது. 1980களில் டாக்கா போய் அபஹானி கழகத்துக்கு ஆடிய பக்கீர் அலியைப் பற்றி மன்னாரிலிருந்தெல்லாம் கேட்பார்கள். 1995இல் கொழும்பில் இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று மேலதிக நேரத்தில் வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்தோமே, அதை வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்லாமல் விடமாட்டோம். இன்றைய பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. எனக்கு அது உண்மையிலேயே மனவருத்தம்.

2023 ஜனவரியில் ஃபிஃபா நம் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியபோதுதான் நிகழ்ச்சியின் பெறுமதி எனக்கு முழுதாக விளங்கியது. 'மூன்றாம் தரப்புத் தலையீடு', அதாவது சம்மேளன விஷயத்தில் வெளியார் கை வைப்பது, என்று செய்தியில் வாசித்தார்கள், அவ்வளவுதான். பெற்றோர் எங்களுக்கு அழைத்து, பிள்ளையின் பாடசாலை மெச்சும் நிற்குமா என்று கேட்டார்கள். அண்ணன் பொறுமையாகச் சொன்னார்: வெளிநாட்டோடு ஆட முடியாது, தேசிய அணிக்கும் கழகங்களுக்கும் சர்வதேசப் போட்டி இல்லை, உள்ளூர் ஆட்டத்துக்குத் தடை இல்லை, பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஆகஸ்டில் தடை நீங்கும் வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

மாமாவுக்கு உண்மையான கஷ்டம் பேச்சில் வராது, விமர்சனத்தில்தான் வரும். ஒருமுறை நானா ஒரு இளம் கீப்பரின் பெயரைச் சொல்லி, கோல் விட்டது அவன் பிழை என்றார். சொன்னது சரிதான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது அந்தப் பையனுடைய வாப்பா முகம் கொடுக்காமல் போய்விட்டார். நானா அந்த வாரம் வரமாட்டேன் என்று நின்றார். அண்ணன் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று மூன்று பேரும் இருந்து ஒரு முறை வகுத்தோம். பிழையைச் சொல்லும்போது இடத்தைச் சொல்வது: "கோர்னர் வரும்போது கீப்பர் கோட்டிலேயே நின்றுவிட்டார், இரண்டடி முன்னே வந்திருந்தால் பந்து கைக்கு." நல்லதைச் சொல்லும்போது பெயர், தெரு, பாடசாலை எல்லாம் சொல்வது. விமர்சனத்தின் கூர்மை குறையவில்லை. அந்தப் பையனே பிறகு நானாவிடம் கோர்னருக்கு எப்படி வெளியே வருவது என்று கேட்க வந்தான்.

பெயர்களைப் பற்றி இன்னும் ஒன்று. கடைசி ஐந்து நிமிடம் வாரத்து முடிவுகளை வாசிப்போம், கோல் அடித்தவர் பெயரோடு. அதை வேண்டாம், பாட்டுப் போடலாம் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். நான் விடவில்லை. ஒருநாள் ஒரு அம்மா அழைத்து, மகனுடைய பெயரை இன்னொரு தரம் வாசிக்க முடியுமா, அவருடைய அப்பா குளித்துக்கொண்டிருந்தார் என்று கேட்டார். அண்ணன் இரண்டு தரம் வாசித்தார். மாமாவிடமும் இதை வெட்ட விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அனுசரணை கிடைத்தால்தான் ஏதாவது கிடைக்கும், போக்குவரத்துச் செலவையாவது முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், கலையகத்தில் ஏசி சரியான குளிர், தொண்டை காய்ந்துவிடும். ஒரு பிளாஸ்க்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்து அனுப்புங்கள், இரண்டு பேருக்கும் காணும் அளவுக்கு.